தட்டினால் வேலை செய்யும் மீட்டர்: கிளஸ்டரை மாற்றுவதற்கு முன் எதை அளப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுடையது இருபது ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார். ஹெட்லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் சேர்ந்தே மேலேறுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகமானி முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, டாஷ்போர்டின் மேல் தட்டினால் மறுபடி எழுகிறது. குளிரான காலைகளில், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண்களில் சில கோடுகள் தெரிவதில்லை, உள்ளே வெதுவெதுப்பு ஏறிய பிறகு தெரிகின்றன. வண்டியைப் பார்த்த மெக்கானிக், மீட்டர்கள் அனைத்தும் அடங்கிய பெட்டியான கிளஸ்டர் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார், பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஒன்று கிடைக்கவும் செய்கிறது. வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விடை சொல்வதற்கு முன் இன்னொன்றுக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இந்த மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதானா, அது கிளஸ்டருக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

வாகன மின்வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் கணிப்பு, மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. முதல் தொல்லை பெரும்பாலும் கிளஸ்டருக்கு வெளியே, மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் இணைப்பில் இருக்கும். இரண்டாவது, கிளஸ்டரின் மின்பலகையில் விரிசல் விட்ட சோல்டரில் (உலோகப் பற்றவைப்பில்) இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, எண்களைக் காட்டும் திரைக்கும் பலகைக்கும் இடையிலான இணைப்பில். இவற்றில் முதலாவதை எந்தக் கிளஸ்டரை வாங்கிப் பொருத்தினாலும் தீர்க்க முடியாது. மற்ற இரண்டும் அதே வயதுடைய பழைய கிளஸ்டரிலும் இன்றோ நாளையோ வரக்கூடியவை. ஆகவே இப்போதைக்கு வாங்க வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை. ஆயினும் இது வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லும் கணிப்பு. அதை உறுதி செய்யவோ தள்ளுபடி செய்யவோ தேவையான சோதனைகளைக் கீழே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மீட்டர்மேல் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், அது காட்டும் உண்மையான ஆபத்தையும் பொய்யென்று ஒதுக்கும் பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. வெப்பநிலை முள் மேலேறினால் அது எர்த் தொல்லைதான் என்று முடிவுகட்டிவிடாமல், எஞ்சின் ஆறிய நிலையில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வண்டியில் ஸ்கேனர் செருகும் வசதி இருந்தால், எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி (சுருக்கமாக எஞ்சின் பெட்டி) கூறும் கூலன்ட் வெப்பநிலையை நேரடியாகப் படித்து முள்ளோடு ஒப்பிடலாம். அக்கால வண்டிகள் பலவற்றில் எஞ்சின் பெட்டிக்கு ஒன்றும் மீட்டருக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனி வெப்ப சென்சார்கள் உண்டு என்பதால், ஸ்கேனர் 90 டிகிரி என்று காட்டும்போது முள் சிவப்பைத் தொட்டால் பழி பெரும்பாலும் மீட்டரின் பாதையில்தான் என்று கூறிவிடலாம். ஆயில் அழுத்த விளக்குக்கு இப்படி எளிய ஒப்பீடு கிடையாது. அது ஓட்டத்தில் எரிந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, இயந்திர வகை அழுத்தமானியைப் பொருத்தி அளந்த பிறகுதான் மீட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

இப்போது முதல் தொல்லைக்கு வருவோம். ஒரு முள் மட்டும் பொய் சொன்னால் அதற்குரிய சென்சார், அதன் ஒயர், அந்த முள்ளின் இயக்கம் ஆகிய மூன்றில் ஒன்று என்று கொள்ளலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முட்கள் ஒரே நேரத்தில் ஒரே காரணத்துக்காக நகர்ந்தால், அவை இரண்டும் பகிர்ந்துகொள்வது எது என்று தேட வேண்டும். டேங்கில் இருக்கும் மிதவைக்கும் எஞ்சினில் இருக்கும் வெப்ப சென்சாருக்கும் பொதுவாக இருப்பவை கிளஸ்டருக்கு வரும் மின்சாரமும் அதன் எர்த்தும் மட்டுமே. ஹெட்லைட்டைப் போடும்போது கிளஸ்டரின் உள்விளக்குகளும் எரிகின்றன. அவற்றின் மின்னோட்டமும் அதே எர்த் ஒயர் வழியாகவே திரும்ப வேண்டும். அந்த எர்த் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால், கூடுதல் மின்னோட்டம் பாயும்போது அதில் சிறிது மின்னழுத்தம் தேங்குகிறது. அதாவது கிளஸ்டர் தன்னுடைய பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடம் உண்மையில் பூஜ்யமாக இல்லாமல் சில நூறு மில்லிவோல்ட் மேலே நிற்கிறது.

சென்சார்களோ எஞ்சினிலும் டேங்கிலும் தங்களுக்கென நல்ல எர்த்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே உயர்ந்துவிட்ட தன் பூஜ்யத்திலிருந்து பார்க்கும் கிளஸ்டருக்கு, சென்சாரின் மின்னழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. குறைந்த மின்னழுத்தத்தை அது குறைந்த மின்தடை என்று எடுத்துக்கொள்கிறது. வெப்ப சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறைவது வழக்கம் என்பதால், முள் சூட்டின் பக்கம் நகர்கிறது. பெட்ரோல் முள் எந்தப் பக்கம் நகரும் என்பது டேங்க் யூனிட்டின், அதாவது மிதவையோடு சேர்ந்த மின்தடையின், வகையைப் பொறுத்தது. சில அமெரிக்க வண்டிகளில் காலியான டேங்குக்கு 0 ஓம், நிறைந்ததற்கு 90 ஓம். பரவலாகப் புழங்கும் இன்னொரு அளவில் இதற்கு நேர்மாறாகக் காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33 ஓம். உங்கள் வண்டியில் இரண்டு முட்களும் மேலேறுவதால் இரண்டாவது போக்குடைய டேங்க் யூனிட் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஊகம் என்று சொல்வதற்குக் காரணம், முள்ளை இயக்கும் முறை மாறினால் இந்தக் கணக்கின் சில படிகளும் மாறும். அதேபோல், சென்சார்களின் எர்த்தும் கிளஸ்டர் வழியாகவே திரும்பும்படி ஒயரிங் செய்யப்பட்ட வண்டிகளில் இந்த விளக்கம் பொருந்தாது. ஒயரிங் வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்வது இதனால்தான் அவசியம். கிளஸ்டர் கனெக்டரில் எந்த முனை எர்த், எது நிரந்தர பேட்டரி மின்சாரம், எது சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம் என்ற மூன்றும் தெரியாமல் மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதில் பயனில்லை.

எர்த்தைச் சோதிக்கும்போது பலரும் ஓம் அளவையில் வைத்துப் பார்த்து, பூஜ்யம் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். இந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயர்கூட அதற்குப் போதும். சுமையேற்றி அளப்பதே சரியான வழி. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், காற்றாடி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் (− குறியுள்ளது) மற்றதைக் கனெக்டர் செருகியிருக்கும் நிலையிலேயே அதன் பின்புறமாகக் கிளஸ்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தைக் குறை சொல்ல முடியாது. 0.2 அல்லது 0.3 வந்தால் சந்தேகம் சரியான திசையில் போகிறது. அரை வோல்ட் வந்தால் தேடியது கிடைத்துவிட்டது. இதே முறையில் பேட்டரியின் நேர்முனைக்கும் கிளஸ்டரின் மின்சார முனைக்கும் இடையிலும் அளக்க வேண்டும். அங்கே ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், பல கனெக்டர்கள் எல்லாம் குறுக்கே வருவதால் சற்றுத் தாராளம் காட்டலாம், ஆனாலும் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைவது சரியல்ல. அளக்கவே வேண்டாம், விடை மட்டும் போதும் என்பவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: பேட்டரி எதிர்முனையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை உள்ளே கொண்டுவந்து கிளஸ்டரின் எர்த் முனையோடு தற்காலிகமாக இணைத்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். முட்கள் அசையாமல் நின்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

எர்த் கோளாறு என்று உறுதியானால், டாஷ்போர்டின் பின்னாலோ ஓட்டுநர் பக்கக் கால்வைக்கும் இடத்தின் ஓரத்திலோ பல கறுப்பு அல்லது பழுப்பு ஒயர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே போல்ட்டில் முடியும் இடத்தைத் தேடுங்கள். போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் தகட்டையும் பளபளப்பாகும்வரை உரசி, இறுக்கிய பிறகு மேலே சிறிது கிரீஸ் பூசினால் போதும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் ஓடும் பின்னல் எர்த் பட்டையையும் பார்த்துவிடுங்கள், பழைய வண்டிகளில் எண்ணெயிலும் வெப்பத்திலும் ஊறி அது நாராகியிருக்கும். கூடவே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது 15ஐத் தாண்டினாலோ, ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று கெட்டுப்போய் ஏசி அலை அரை வோல்ட்டுக்கு மேல் கலந்திருந்தாலோ முட்கள் துள்ளுவதும் விளக்குகள் சிமிட்டுவதும் இயல்பு.

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சூடாகி வளையும் இரட்டை உலோகத் தகட்டால் முள் நகரும் வகை மீட்டர்களில், பேட்டரி மின்னழுத்தத்தைச் சராசரியாக 10 வோல்ட்டுக்கோ, சில வண்டிகளில் 5 வோல்ட்டுக்கோ கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி கிளஸ்டரின் பின்னால் இருக்கும். அந்தப் பெட்டி எர்த்தை இழந்தாலோ அதன் முனைகள் ஒட்டிக்கொண்டாலோ, முழு பேட்டரி மின்னழுத்தமும் பாய்ந்து பெட்ரோல், வெப்பநிலை முட்கள் இரண்டும் சேர்ந்து உயரும். உங்கள் தொல்லையை ஒத்த தோற்றம்தான், ஆனால் இந்த வகை முட்கள் மெதுவாகவே நகரும். ஹெட்லைட் போட்ட கணமே துள்ளினால் அது இந்த வகையல்ல.

எர்த்தும் மின்சாரமும் சரியாக இருந்தும் முள் பொய் சொன்னால்தான் சென்சார்களைச் சோதிக்க வேண்டும். வெப்ப சென்சாரின் ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ச்சிப் பக்கம் முழுதாக விழ வேண்டும். அந்த ஒயரை எர்த்தோடு சேர்த்தால் சூட்டின் பக்கம் முழுதாக ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் மீட்டரும் நலம், சென்சாரே நோயாளி. இந்தச் சோதனையில் வெறும் ஒயரால் எர்த் செய்வதைவிட, சில பத்து ஓம் கொண்ட மின்தடை ஒன்றை இடையில் வைத்து ஓரிரு விநாடிகள் மட்டும் தொடுவது பாதுகாப்பானது. நேரடியாகத் தொட்டு நீண்ட நேரம் பிடித்தால் சில வகை மீட்டர்களின் சுருள் கருகிவிடும். டேங்க் யூனிட்டை டேங்கின் வாய்க்கு அருகே நின்று சோதிக்காதீர்கள், அங்கே ஒரு பொறிகூட வேண்டாம். தள்ளி இருக்கும் கனெக்டரில் கழற்றி, வண்டிப் பக்கத்தை விட்டுவிட்டு, டேங்க் பக்கத்தின் மின்தடையை மட்டும் அளந்தால் போதும். பெட்ரோல் குறையக் குறைய அந்த அளவு சீராக மாற வேண்டும். இடையில் எங்கேனும் திடீரென்று எல்லையற்ற மின்தடைக்குத் தாவினால், மிதவையின் கை உரசும் தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது அல்லது பெட்ரோலில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்திருக்கிறது.

வேகமானியின் தொல்லையில் நீங்கள் எழுதாத ஒரு விவரம்தான் எனக்கு மிகவும் வேண்டியது: முள் பூஜ்யத்தில் கிடக்கும் அந்த நேரத்தில் ஓடோமீட்டர் தொடர்ந்து எண்ணுகிறதா? பயண மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். முள் செத்திருக்கும்போதும் தூரம் கூடிக்கொண்டிருந்தால், வேக சென்சாரிலிருந்து செய்தி ஒழுங்காகக் கிளஸ்டருக்கு வருகிறது, அதைப் படிக்கும் சிப்பும் விழித்திருக்கிறது, முள்ளை நகர்த்தும் மோட்டாரோ அதன் சோல்டரோதான் விட்டுவிடுகிறது. தூரமும் நின்றுபோனால் செய்தியே வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது ஸ்கேனரில் வேகத்தைப் பாருங்கள். எஞ்சின் பெட்டிக்கு வேகம் தெரிகிறது, கிளஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் இடையிலுள்ள ஒயரிலும் கனெக்டரிலும் தேட வேண்டும். இருவருக்கும் தெரியவில்லை என்றால் கியர்பெட்டியின் மேலுள்ள சென்சாரில் தேட வேண்டும். ஒரே கணத்தில் எல்லா முட்களும் விழுந்து எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் ஒருமுறை எரிந்து அணைந்தால், அது வேகமானியின் தொல்லையே அல்ல, கிளஸ்டருக்கு மின்சாரம் அறுந்து மீண்டும் வருகிறது என்று பொருள். உங்கள் வண்டி கேன் பஸ் (மின்னணுப் பெட்டிகள் இரண்டு ஒயர்களில் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாகச் செய்தி அனுப்பும் தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயர்களுக்கு இடையே அளக்கும்போது ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். இரண்டு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் இருப்பதால் வரும் அளவு அது. 120 காட்டினால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது.

தட்டினால் சரியாகிறது என்பது நல்ல குறிப்புதான், ஆனால் அது எதைத் தட்டி எழுப்பியது என்று சொல்வதில்லை. டாஷ்போர்டின் மேல் அடிக்கும்போது கிளஸ்டர் மட்டுமல்ல, பின்னாலுள்ள ஒயர்க்கற்றையும் கனெக்டரும் சேர்ந்தே அதிர்கின்றன. ஆகவே வண்டி நிற்கும்போது முகப்பைக் கழற்றி, கிளஸ்டரின் சட்டத்தை மட்டும் மெல்ல அழுத்தியும் முறுக்கியும் பாருங்கள். பிறகு கிளஸ்டரைத் தொடாமல் ஒயர்க்கற்றையை மட்டும் அசையுங்கள். இக்னிஷனைப் போடும்போது பயண மீட்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எல்லா முட்களும் ஒருமுறை முழுவட்டம் போய்வரும் தன்சோதனை பல வண்டிகளில் உண்டு. உங்கள் வண்டியில் அது இருந்தால் இந்த அசைவுச் சோதனையை அதோடு சேர்த்துச் செய்வது பொருத்தமாக இருக்கும். ஆனால் தன்சோதனையில் முட்கள் அழகாக ஆடின என்பதால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடாதீர்கள். அது முட்களையும் அவற்றை இயக்கும் பகுதியையும் மட்டுமே சோதிக்கிறது, வெளியிலிருந்து வரும் செய்திகளை அல்ல.

கிளஸ்டரைக் கழற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால் அவசரம் வேண்டாம். பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் கையேடு சொல்லும் சில நிமிடங்கள் காத்திருங்கள். ஆடியோ பெட்டிக்கு ரகசிய எண் தேவைப்படுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கிளஸ்டரை வெளியே எடுத்த நிலையில் இக்னிஷனைப் போடாதீர்கள், ஏர்பேக் பெட்டி அதைக் கோளாறாகப் பதிந்துகொண்டு விளக்கை எரியவிடும். முட்களைத் தொடவே கூடாது. முள்ளின் அடியில் பிசுபிசுப்பான திரவம் ஊற்றி அதிர்வைத் தணித்திருக்கும் மீட்டர்கள் உண்டு, அவற்றைக் குப்புற வைத்தால் திரவம் வழிந்து முகப்பில் கறை படியும். அதனால் முடிந்தவரை வண்டியில் இருந்த நிலையிலேயே வைத்து வேலை பாருங்கள். முன்பக்க பிளாஸ்டிக்கை அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் மங்கிப்போகும், நீரும் மென்மையான துணியும் போதும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது கனெக்டரின் ஊசிகள் பலகையில் சோல்டர் செய்யப்பட்டிருக்கும் இடம். ஆண்டுக்கணக்கில் சூடாகியும் குளிர்ந்தும், அதிர்ந்தும், ஒவ்வொரு முறை கனெக்டரைச் செருகும்போதும் அழுத்தப்பட்டும் வந்த இடம் அது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பார்த்தால், ஊசியைச் சுற்றிச் சோல்டரில் மயிரிழை போன்ற கரிய வளையம் தெரியும். சில சமயம் எதுவும் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவுசெய்ய முடியாது, ஆகவே நான் அந்த வரிசை ஊசிகள் அனைத்தையும், வேகமானி மோட்டாரின் கால்களையும் சேர்த்தே மறுபடி சோல்டர் செய்துவிடுவேன். பழைய சோல்டரை வெறுமனே உருக்கி விடுவது நிலைக்காது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக் வேலைக்கான ஃபிளக்ஸ் (சோல்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) இட்டு, புதியதை நிரப்ப வேண்டும். 63க்கு 37 என்ற அளவில் வெள்ளீயமும் ஈயமும் கலந்த சோல்டர் 183 டிகிரியில் உருகும், கையாளவும் எளிது. தகரவேலைக்கு உதவும் அமில ஃபிளக்ஸைப் பலகையில் தொட்டுவிடாதீர்கள், சில மாதங்களில் செம்புத் தடத்தையே தின்றுவிடும். அதே பலகையில் மின்தேக்கிகளின் அடியில் பழுப்பான கசிவோ மீன் வாடையோ இருந்தால் அவற்றையும் மாற்றிவிடலாம். கொள்ளளவு அதேயாக, மின்னழுத்தத் தாங்குதிறன் அதேயாகவோ கூடுதலாகவோ, வெப்பத் தாங்குதிறன் 105 டிகிரியாக இருக்கட்டும்.

சோல்டர் செய்தும் வேகமானி மட்டும் விழுந்தால் மோட்டாரையே சந்தேகிக்க வேண்டும். அக்காலக் கிளஸ்டர்கள் பலவற்றில் முள்ளை நகர்த்துவது அடியடியாகச் சுழலும் சிறிய ஸ்டெப்பர் மோட்டார். எக்ஸ்27.168 என்ற எண்ணுடைய வகை பலருக்கும் தெரிந்திருக்கும், தனியாகவே வாங்கிப் பொருத்த முடியும். அந்த மோட்டார் அடி தவறினால் முள் விழுவதோடு நில்லாமல், வண்டி நிற்கும்போது பூஜ்யத்தில் இல்லாமல் 20இலோ 40இலோ தங்கியிருக்கும். உங்கள் முள் விழுந்து, பிறகு சரியான வேகத்துக்கே எழுகிறது என்றால் மோட்டாரைவிட இணைப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். மோட்டாரை மாற்றுபவர்கள் முள்ளை உருவுவதற்கு முன் அது எங்கே நின்றது என்று படமெடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி பொருத்தியபின் ஸ்கேனர் காட்டும் வேகத்தோடு பல வேகங்களில் ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் சாலையில் அந்த முள்ளை நம்பக்கூடாது.

ஓடோமீட்டர் எண்களைப் பற்றி நம்பிக்கையூட்டும்படி அதிகம் சொல்ல முடியவில்லை. திரவப் படிகத் திரை குளிரில் மெதுவாக மாறுவது அதன் இயல்பு, ஆனால் சில கோடுகள் மட்டும் காணாமல் போய்ச் சூட்டில் திரும்புவது இயல்பல்ல, அது தொடர்பு விட்டுப்போவதன் அடையாளம். திரைக்கும் பலகைக்கும் நடுவே கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் கொண்ட ரப்பர் பட்டை இருந்தால் அதிர்ஷ்டம். கழற்றி, கண்ணாடி ஓரத்தையும் பலகையின் தொடுமுனைகளையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்ப இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பதிலாக மெல்லிய நாடா ஒன்று சூட்டால் ஒட்டப்பட்டிருந்தால், அதைச் சோல்டர் செய்ய முடியாது. சோல்டரிங் அயர்ன் நுனியில் ரப்பர் வைத்து அழுத்தி ஒட்டும் வித்தை சில நேரம் பலிக்கிறது, பலித்தாலும் அடுத்த குளிர்காலம்வரை தாங்குமா என்று உறுதி கூற மாட்டேன். சூட்டுத்தகடு கொண்டு நாடாவையே மாற்றும் தனிப் பட்டறைகளுக்கு அனுப்புவதுதான் இந்த ஒன்றுக்கு நான் பரிந்துரைப்பது.

கிளஸ்டர் கையில் இருக்கும்போது பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போடும் ஆசை பலருக்கும் வரும். உள்விளக்குகளுக்குப் போடுங்கள், மறுப்பில்லை, டிம்மர் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பது மட்டும்தான் குறை. பேட்டரிப் படமுள்ள சார்ஜ் விளக்கைத் தொடாதீர்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் காந்தப்புலத்தை எழுப்பிக்கொள்ளத் தேவையான தொடக்க மின்னோட்டம் அந்தப் பல்பின் இழை வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் மின்னோட்டம் அதற்குப் போதாமல், எஞ்சினை நன்றாக முறுக்கும்வரை சார்ஜ் ஏறாத நிலை உண்டாகும். இதைத் திருப்பியும் வாசிக்கலாம்: சாவி போட்டவுடன் சார்ஜ் விளக்கு எரியாமலும் பேட்டரி அடிக்கடி இறங்கியும் இருந்தால், ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன் அந்தப் பல்பையும் அதன் பின்னாலுள்ள மெல்லிய செம்புத் தாளையும் பாருங்கள். பல்பு தாங்கியின் தொடுமுனை கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே உயிர் வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய கிளஸ்டரை வாங்கும் நிலை வந்தால், தோற்றம் ஒன்றுபோல இருப்பதை நம்பாமல் பின்பக்க லேபிளில் உள்ள பாக எண் முழுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும், நான்கு சிலிண்டருக்கும் ஆறு சிலிண்டருக்கும் ஆர்பிஎம் முள்ளின் கணக்கு வேறு, டேங்க் யூனிட்டின் ஓம் அளவும் வேறாக இருக்கலாம். சில வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரின் தகவல் கிளஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. அவற்றில் வேறு கிளஸ்டரைப் போட்டால் எஞ்சின் கிளம்பி ஓரிரு விநாடிகளில் நின்றுவிடும், பழக்கப்படுத்தத் தனிக் கருவி வேண்டும். ஓடிய தூரமும் பெரும்பாலும் கிளஸ்டரிலுள்ள நினைவகச் சிப்பில்தான் பதிந்திருக்கிறது, ஆகவே வேறொரு வண்டியின் தூரம் உங்கள் வண்டியில் ஏறிவிடும். அதைக் குறைத்துக் காட்டுவது பல நாடுகளில் குற்றம். சரியான தூரத்துக்கு மாற்றித்தர அனுமதி பெற்றவரிடம் செய்து, மாற்றிய தேதி, பழைய அளவு, புதிய அளவு மூன்றையும் எழுத்தில் வாங்கி வண்டியின் பராமரிப்பு ஏட்டோடு வைத்துவிடுங்கள். எண்கள் தெரியாமல் போகும் திரை முற்றிலும் இருண்டுவிடுவதற்கு முன், அது தெளிவாகத் தெரியும் ஒரு மதிய வேளையில் இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

மேலே சொன்னவற்றில், எர்த் அளவைப் பற்றியும் சுமையேற்றி அளப்பதைப் பற்றியும் எழுதியதில் எனக்குத் தயக்கமில்லை, அது எந்த வண்டிக்கும் பொருந்தும். வேகமானி பற்றிய கணிப்பு, ஓடோமீட்டர் எண்ணுகிறதா என்ற உங்கள் பதிலைப் பொறுத்து மாறும். வெப்பநிலை முள் பற்றிய விளக்கம், அந்தச் செய்தி தனி ஒயரில் வருகிறதா, எஞ்சின் பெட்டியிலிருந்து எண்ணாக வருகிறதா என்பதைப் பொறுத்து மாறும். எண்ணாக வந்தால் எர்த் கோளாறு சென்சார் அளவைத் தொடாது, கிளஸ்டருக்குள்ளேயே வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். வண்டியின் தயாரிப்பும் ஆண்டும், சுமையோடு அளந்த எர்த் மின்னழுத்தமும், பயண மீட்டர் சோதனையின் முடிவும் கிடைத்தால் இதைவிடக் குறுகலான பதிலைத் தர முடியும்.